ஜெர்மனும் பிரெஞ்சும்: கற்பிக்கவும் கற்கவும் எவற்றை நம்பலாம்?

தொடக்கநிலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏ1 முதல் சி2 வரை செல்லும் ஐரோப்பிய மொழித்திறன் நிலைகளில், நான் ஜெர்மனில் சி1 நிலையும் பிரெஞ்சில் பி2 நிலையும் முடித்தவள். ஆறு மாதங்களாக ஒன்பது பேருக்கு இணையவழியில் தொடக்கநிலைப் பாடம் நடத்தி வருகிறேன். ஐவர் ஜெர்மன் படிக்கிறார்கள், மூவர் பிரெஞ்சு, ஒருவர் இரண்டையும். ஒரு மொழி தெரிந்திருப்பது வேறு, அதைக் கற்றுக்கொடுப்பது வேறு என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துகொண்டேன். சென்ற வகுப்பில் ஒரு மாணவர், "சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற ஜெர்மன் சொல் ஏன் பெண்பாலாக இல்லாமல் நடுப்பாலாக இருக்கிறது?" என்று கேட்டார். விதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதியை ஒரு பாடமாக மாற்றிக்கொடுக்கத் தெரியாமல், "இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை.

இணையத்தில் பாடங்களுக்குக் குறைவில்லை. அவ்வளவையும் மாணவர் தலையில் கொட்டினால் அவர்கள் எதையும் முடிக்கமாட்டார்கள் என்பதையும் பார்த்துவிட்டேன். ஆகவே, நீங்கள் நெடுங்காலம் பயன்படுத்திப் பலன் கண்டவை எவை, அவற்றை வகுப்பில் எப்படிக் கையாண்டீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். ஆசிரியப் பயிற்சிக்கு என்ன வழி இருக்கிறது என்பதையும், இரு மொழிகளையும் ஒரே சமயத்தில் படிப்பது தகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வினைமுற்று எழுதியது:

வணக்கம் அம்மா. பதினெட்டு ஆண்டுகளாக ஜெர்மன் கற்பித்து வருகிறேன். தொடக்கநிலைக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே வழங்கும் 'நிக்கோஸ் வேக்' என்ற இலவசக் காணொளிப் பாடத்தைச் சொல்வேன். ஏ1 முதல் பி1 வரை ஒரே கதையாகச் செல்கிறது. ஜெர்மனிக்கு வந்து இறங்கும் நிக்கோ என்ற இளைஞன் தன் பையைத் தொலைத்துவிடுவதில் கதை தொடங்குகிறது. காட்சியை ஓடவிட்டு, பார்த்து முடித்ததும் பயிற்சிகளைச் செய்யச் சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் முதலில் ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் காட்டுவேன். அவன் என்ன கேட்கிறான், எதிரே இருப்பவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை மாணவர் தமக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதவேண்டும். அதன் பிறகு ஒலியோடு பார்க்கும்போது, தாம் எழுதிய வாக்கியத்துக்கும் காதில் விழும் வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே பிடித்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடக் காட்சி ஒரு மணி நேர வகுப்புக்குப் போதும்.

அடுத்து, ஜெர்மனியின் மக்கள் உயர்கல்விக் கூட்டமைப்பு நடத்தும் 'ஃபௌஹாஎஸ் லெர்ன்போர்ட்டல்'. இதுவும் இலவசமே. தனியாகப் படிப்பவர் எழுதி அனுப்பும் விடைகளை இணையவழி ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தித் தருவது இதன் பெருஞ்சிறப்பு. ஜெர்மனியின் பண்பாட்டு நிறுவனமான கோத்தே இன்ஸ்டிடியூட்டின் 'டாய்ச் ஃபூர் டிஷ்' தளத்திலும் இலவசப் பயிற்சிகள் உள்ளன. அந்நிறுவனத்தின் 'ஒன்லைஹ' மின்னூலகத்தில் பதிவு செய்துகொண்டால் நூல்களை இரவல் பெறலாம். பி2 நிலையை எட்டியவருக்கு டாய்ச்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள் பொருத்தமானவை. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கிறது.

தமிழ் பேசுபவருக்கு ஜெர்மனில் ஒரு வசதி உண்டு என்பதை மாணவரிடம் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். 'வைல்' போன்ற இணைப்புச் சொல்லோடு வரும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுகிறது. 'எனக்கு இன்று நேரம் இல்லாததால்' என்று வினையை முடிவில் வைத்தே நாம் சிந்திப்பதால், ஆங்கிலம் வழியாக வருபவர் திணறும் இடத்தில் நம் மாணவர் இயல்பாகக் கடந்துவிடுவார். வேற்றுமையும் நமக்குப் புதிதல்ல; தமிழில் எட்டு, ஜெர்மனில் நான்கு. நாம் உருபைப் பெயர்ச்சொல்லின் மேல் ஏற்றுகிறோம். அவர்களோ பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டேர், டீ, டாஸ்' என்ற சுட்டின் மேல் ஏற்றுகிறார்கள். இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால், இரண்டாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் பற்றிய அச்சம் பாதி போய்விடும்.

மொழிபெயர்ப்பாளினி எழுதியது:

பிரெஞ்சு பற்றி நான் சொல்கிறேன். டிவி5 மோந்த் தொலைக்காட்சிக்குக் கற்பவருக்கென ஒரு தளமும் ஆசிரியருக்கென மற்றொரு தளமும் இருக்கின்றன. கற்பவர் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியாகக் காணொளிப் பயிற்சிகள் உண்டு. ஆசிரியர் தளத்தில், அதே வகைக் காணொளிகளுக்கு வகுப்பை எப்படித் தொடங்குவது, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்று விளக்கும் பாடக்குறிப்புகள் உள்ளன. ஆசிரியப் பயிற்சி பெறாமலே கற்பிக்கத் தொடங்கிய எனக்கு அந்தக் குறிப்புகள்தாம் முதல் ஆசான். ஆர்எஃப்ஐ வானொலி நாள்தோறும் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது. எழுத்து வடிவமும் உண்டு. இது ஏ1 மாணவருக்கானது அன்று. பி1 நிலைக்கு வந்தவர் தொடர்ந்து கேட்டால் காது திறக்கும்.

பிரெஞ்சில் நம் மாணவர் தடுக்கி விழும் இடம் காதுதான். வகுப்பில் நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புழு, கண்ணாடி, பச்சை, 'நோக்கி' என்ற பொருள்களில் நான்கு பிரெஞ்சுச் சொற்கள் நான்கு விதமாக எழுதப்படுகின்றன. ஒலிப்போ ஒன்றுதான், ஏறத்தாழ நம் 'வேர்'. இதைக் கேட்டதும் மாணவர் மலைத்துப்போவார்கள். அப்போது தமிழ்ப் புணர்ச்சியை நினைவூட்டுவேன். பன்மைச் சுட்டான 'லே' எழுத்தில் 'எஸ்' என்று முடிந்தாலும் அந்த 'எஸ்' ஒலிப்பதில்லை. அடுத்து உயிரொலியில் தொடங்கும் 'அமி' வந்தவுடன், ஒளிந்திருந்த மெய் வெளிப்பட்டு, அதன் மேல் உயிர் ஏறி, 'லேஸமி' என்று ஒலிக்கிறது. மெய்யின் மேல் உயிர் ஏறுவதைச் சிறு வயதிலேயே படித்தவருக்கு இது விந்தையே இல்லை. அந்த மெய்யைச் சற்று அதிர்வோடு ஒலிக்கவேண்டும் என்பதை மட்டும் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

அகராதிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்கு லெ ரொபேர் தளமும், ஜெர்மனுக்கு டூடன், டிடபிள்யூடிஎஸ் தளங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நள்ளிரவு வாசகன் எழுதியது:

நீங்கள் இருவரும் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் செயலியில் ஒரு நாள்கூட விடாமல் பிரெஞ்சு படித்தேன். படித்தால் புரிகிறது, செய்தி கேட்டால் முக்கால்வாசி புரிகிறது. சென்ற மாதம் ஒரு பிரெஞ்சுக்காரருடன் காணொளியில் பேச வாய்ப்பு கிடைத்தபோது, என் வேலை என்ன என்பதைக்கூட நான்கு வாக்கியங்களில் சொல்ல முடியவில்லை. பாடங்கள் இத்தனை இருந்தும் என்ன பயன் என்று மனம் உடைந்துவிட்டது. ஆசிரியரிடம் போக வசதியில்லாதவர் தம் பிழையை யாரிடம் காட்டித் திருத்திக்கொள்வது? இதற்கு யாராவது உண்மையான வழி சொல்லுங்கள்.

வினைமுற்று எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதுதான் இந்த உரையாடலின் மையக் கேள்வி என்று கருதுகிறேன். கேட்பதற்கும் படிப்பதற்கும் இலவசமாக மலைபோல் குவிந்திருக்கிறது. நாம் சொன்னதைக் கேட்டு, எழுதியதைப் படித்து, இங்கே பிழை என்று சொல்லும் ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிது. வளங்களைத் தேடுபவர்கள் நேரத்தின் பெரும்பகுதியை அந்த ஆளைத் தேடுவதில் செலவிடவேண்டும்.

'டாண்டம்' என்று சொல்லப்படும் இருவர் முறையைப் பரிந்துரைக்கிறேன். அவர் உங்கள் மொழியைப் படிக்கிறார், நீங்கள் அவர் மொழியைப் படிக்கிறீர்கள். நேரத்தில் பாதி இந்த மொழி, பாதி அந்த மொழி. வெறுமனே பேசத் தொடங்கினால் இரண்டாம் வாரத்திலேயே பேச்சு வற்றிவிடும். ஆகவே சந்திப்புக்கு முன் இருவரும் பத்து வரி எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்; அந்தப் பத்து வரியே பேசுபொருளாக இருக்கட்டும். உங்கள் தொழில், நேற்று நடந்தது, நீங்கள் சமைப்பது என்று உங்கள் வாழ்க்கைக்குத் தேவையான சொற்கள் அதில் வந்துவிடும்.

ஆசிரியை அம்மாவுக்கும் இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். மாணவரின் கட்டுரையில் பிழையை நீங்களே திருத்தி எழுதாதீர்கள். நான் பிழைக்கு நேரே ஓரத்தில் குறி மட்டும் இடுவேன்: பால் தவறினால் 'பா', வேற்றுமை தவறினால் 'வே', சொல் நிற்கும் இடம் தவறினால் 'இ', எழுத்துப் பிழைக்கு 'எ'. மாணவர் தாமே திருத்தி மறுபடி அனுப்பவேண்டும். இரண்டாம் படியில் எஞ்சும் பிழைகளை மட்டும் நான் திருத்துவேன். 'நான் போனேன்' என்பதற்கு ஜெர்மனில் 'ஹாபெ' என்ற துணைவினையைப் போட்டு எழுதிய ஒரு மாணவி, இடப்பெயர்ச்சி வினைக்கு 'பின்' என்ற துணைவினை வரவேண்டும் என்பதை நான் ஆறு முறை விளக்கியும் பற்றிக்கொள்ளவில்லை. தானே மூன்று முறை திருத்தியபின் அந்தப் பிழை மறுபடி வரவே இல்லை.

இரண்டாம் முயற்சி எழுதியது:

தேர்வைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேறு ஒருவருக்கு இது நேரக்கூடாது.

கனடாவில் குடியேற விண்ணப்பிக்கப் பிரெஞ்சு படித்தேன். நான் சேர்ந்த பயிற்சி நிலையத்தில், "டெல்ஃப் பி2 எழுதுங்கள், வாழ்நாள் முழுவதும் செல்லும்" என்றார்கள். வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பது உண்மைதான். டெல்ஃப், டால்ஃப் இரண்டும் பிரான்சின் கல்வி அமைச்சகம் வழங்கும் பட்டயங்கள். ஓராண்டு உழைத்துத் தேர்ச்சியும் பெற்றேன். விண்ணப்பம் நிரப்பும்போதுதான், கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்துக்கு டிஇஎஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்றன் மதிப்பெண் மட்டுமே ஏற்கப்படும் என்று தெரிந்தது. அவற்றின் முடிவுகள் இரண்டாண்டுக்கு மட்டுமே செல்லும். மறுபடி பணம் கட்டி, மறுபடி எழுதினேன். படித்தது வீணாகவில்லை என்றாலும், அந்த எட்டு மாதத் தாமதம் எனக்குப் பெரிய இழப்பு.

ஆகவே எந்தத் தேர்வு என்பதை ஆசிரியரிடமோ பயிற்சி நிலையத்திடமோ கேட்பதற்கு முன், சான்றிதழைக் கேட்கும் அலுவலகத்தின் அல்லது பல்கலைக்கழகத்தின் தளத்தில் படித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் படிக்கப் போகிறவருக்கு டெல்ஃப் பி2 பெரும்பாலான இடங்களில் போதும். டெல்ஃபில் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நான்கு திறன்களில் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்துக்கு ஐந்தாவது எடுத்திருக்க வேண்டும். பேசும் தேர்வை அலட்சியம் செய்து, மொத்த மதிப்பெண் இருந்தும் தோற்றவரை நான் அறிவேன்.

பி2 செவிலி எழுதியது:

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். ஜெர்மனுக்கும் இப்படியே. கோத்தே பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வேண்டும். நான் கேட்டலில் மட்டும் தவறினேன். அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதிப் பி2 முடித்தேன். முழுத் தேர்வையும் மறுபடி எழுதவேண்டும் என்று நினைத்து அஞ்சும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மன் வழியே படிக்க டெஸ்ட்டாஃப் என்ற தேர்வை எழுதுகிறவர்கள் நான்கு திறன்களிலும் டிடிஎன் 4 என்ற நிலையைப் பெறுவதை இலக்காக வைத்துக்கொள்ளவேண்டும். ஜெர்மனிக்குச் சென்று வேலை தேட அனுமதிக்கும், 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கு ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் போதும் என்பது உண்மை. ஆனால் ஏ1-ஐ நம்பிப் போய் வேலை தேடுவது மிகக் கடினம் என்பதே என் கருத்து.

பி2 வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, எனக்குத் தெரிந்த ஜெர்மனும் அங்கே பேசப்பட்ட ஜெர்மனும் வேறாக இருந்தன. ஒரு மூதாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பாடப்புத்தகத்தில் வலிக்கு நான் படித்திருந்த சொல் அதில் இல்லவே இல்லை. அவர் சொன்னது 'கிள்ளுவதுபோல் இருக்கிறது' என்பதைச் சக செவிலிதான் விளக்கினார். ஆசிரியர்கள் செவிலியருக்கும் மருத்துவருக்கும் கற்பிக்கும்போது, வலி எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்று கேட்கவும் சொல்லவும் பயிற்சி கொடுத்தால் அது தேர்வுக்கு அப்பாலும் உதவும். மருத்துவர்களுக்கு இதற்கென்றே தனித் துறைமொழித் தேர்வு இருக்கிறது.

தொடக்கநிலை ஆசிரியை எழுதியது:

நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வினைமுற்று ஐயா சொன்ன ஓரக் குறிகளை இந்த வாரமே தொடங்குகிறேன். என் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்: ஆசிரியப் பயிற்சிக்கு எங்கே போவது? இரு மொழிகளையும் ஒன்றாகப் படிக்கும் என் மாணவரை என்ன செய்வது?

மொழிபெயர்ப்பாளினி எழுதியது:

பிரெஞ்சு கற்பிக்க முறையான தகுதி வேண்டுமென்றால், பாரிசின் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸும் பிரான்சின் தொலைநிலைக் கல்வி நிறுவனமான க்நெடும் சேர்ந்து நடத்தும் 'டேஃப்ல்' பட்டயத்தைப் பாருங்கள்; வீட்டிலிருந்தே படிக்கலாம். விஷி நகரிலுள்ள கவிலாம் என்ற மொழிக் கல்வி நிறுவனம் ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. அது வெளியிடும் இலவசப் பாடக்குறிப்புகளும் மிகத் தரமானவை. பிரெஞ்சு ஆசிரியர்களுக்கென்றே 'ஐஎஃப்ப்ரோஃப்' என்ற வலைத்தளம் இருக்கிறது. அங்கே பாடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 1969-இல் தொடங்கிய பன்னாட்டுப் பிரெஞ்சு ஆசிரியர் கூட்டமைப்பின் கிளைச் சங்கங்கள் பல நாடுகளில் உள்ளன. உறுப்பினரானால் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி முதலில் தெரியவரும்.

இரு மொழிகளையும் ஒன்றாகப் படிப்பதில் எனக்குத் தடை ஏதும் இல்லை. நானே அப்படித்தான் படித்தேன். அர்தே தொலைக்காட்சி பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்துவது. 1992 முதல் ஒளிபரப்பாகிறது. அதன் பல நிகழ்ச்சிகளை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பார்க்கலாம். ஒரே ஆவணப்படத்தை முதல் நாள் ஒரு மொழியிலும் மறுநாள் மற்றதிலும் பார்ப்பது என் பழக்கம். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் மனம் மொழியை மட்டும் கவனிக்கிறது. 1963-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட எலிசே உடன்படிக்கையைத் தொடர்ந்து உருவான பிராங்கோ-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் இருமொழிச் சொற்கோவைகளையும் டாண்டம் முறைக்கான வழிகாட்டிகளையும் வெளியிட்டிருக்கிறது. இரண்டு மொழியும் அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை, ஏற்றுமதி நிறுவனங்கள் என்று வேலைக் கதவுகள் ஒன்றுக்கு இரண்டாகத் திறக்கின்றன.

வினைமுற்று எழுதியது:

இதில் மட்டும் அம்மையாரோடு நான் வேறுபடுகிறேன். ஒரு மொழியில் பி1 வரும்வரை அடுத்ததைத் தொடவேண்டாம் என்பதே என் அனுபவம். ஜெர்மனில் சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால். பிரெஞ்சில் சூரியன் ஆண்பால், நிலவு பெண்பால். இருபத்தொன்றை ஜெர்மனில் 'ஒன்றும் இருபதும்' என்று பின்னிருந்து சொல்லவேண்டும். தொண்ணூறைப் பிரான்சில் 'நான்கு இருபது பத்து' என்று கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். இரண்டும் உறைக்காத நிலையில் கலந்தால் எதுவும் உறைக்காது. அம்மையாருக்கு அது கைவந்தது அவருடைய உழைப்பால்; எல்லா மாணவருக்கும் அதை விதியாக்க முடியாது. அந்த மாணவர் நிறுத்த மனமில்லாதவர் என்றால், ஒரு மொழியை முதன்மையாக வைத்து, மற்றதில் இப்போதைக்குக் கேட்டலும் ஒலிப்பும் மட்டும் நடக்கட்டும்.

ஜெர்மன் ஆசிரியப் பயிற்சிக்குக் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் 'டாய்ச் லேரன் லெர்னன்' தொடர் ஏற்றது. அலகு அலகாகப் படிக்கலாம், படித்ததை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். அயல்நாட்டு ஆசிரியர்கள் ஜெர்மனிக்கு வந்து பயிற்சி பெற உதவித்தொகையும் அந்நிறுவனம் தருகிறது. 2008-இல் தொடங்கிய 'பாஷ்' திட்டத்தின்கீழ் உலகெங்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் பள்ளிகள் ஜெர்மனைக் கற்பிக்கின்றன. ஆசிரியப் பணி தேடுபவர் அந்தப் பள்ளிகளைப் பார்க்கலாம்.

நள்ளிரவு வாசகன் எழுதியது:

ஐயா, ஒரு டாண்டம் துணையைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று சந்திப்புகள் முடிந்தன. முதல் பத்து வரியில் பதினேழு பிழைகள்; மூன்றாவதில் ஒன்பது. என் வேலையைப் பற்றி இப்போது தயங்காமல் சொல்ல வருகிறது. மிக்க நன்றி.

தொடக்கநிலை ஆசிரியை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஒலி அணைத்த காட்சியும் ஓரக் குறிகளும் வகுப்பை மாற்றிவிட்டன. நான் பேசும் நேரம் குறைந்து அவர்கள் பேசும் நேரம் கூடியிருக்கிறது. இரு மொழி படிக்கும் மாணவரிடம் இரு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். அவர் ஜெர்மனை முதன்மையாக எடுத்துக்கொண்டு, பிரெஞ்சைக் கேட்பதோடு நிறுத்த ஒப்புக்கொண்டார்.

'மேட்ஷென்' கேள்வி கேட்ட மாணவரிடம் இந்த முறை விதியைச் சொல்லாமல், அதே 'ஷென்' (chen) ஈற்றில் முடியும் சொற்களைத் தேடி வரச் சொன்னேன். பூனைக்குட்டி, சிறு ரொட்டி, சிறு வீடு என்று பதினான்கு சொற்களோடு வந்து, "இந்த ஈறு எதையும் சிறிதாக்கிக் காட்டுகிறது, சிறிதாக்கியதெல்லாம் நடுப்பாலாகிவிடுகிறது" என்று தாமே சொன்னார். ஆனால் அவருடைய பட்டியலில் கேக்கைக் குறிக்கும் 'கூகன்' என்ற சொல்லும் இருந்தது. எழுத்தில் அதற்கும் அதே ஈறுதான், ஆனால் அது ஆண்பால். "இது மட்டும் ஏன் மாறுகிறது?" என்று கேட்டார். இரண்டையும் அகராதியின் ஒலிப்பதிவில் அடுத்தடுத்துக் கேட்கச் சொன்னேன். நான்காவது முறை கேட்டபோது, ஒன்றில் 'ch' என்ற எழுத்துகள் மேலண்ணத்தில் மெல்ல உரசுவதையும் மற்றதில் தொண்டைக்கருகே கரகரப்பதையும் அவரே கண்டுபிடித்து, "அப்படியானால் 'கூகன்' சிறிதாக்கிய சொல்லே இல்லை, அந்த எழுத்துகள் வேர்ச்சொல்லுக்கே உரியவை" என்றார். வரும் வகுப்பில் அவரையே மற்ற ஐவருக்கும் அதை நடத்தச் சொல்லியிருக்கிறேன்.